மறு: கழுத்து அறுவைக்குப் பின் உள்ளே தேங்கும் ரத்தம் – ‘நெரிகுருதி’ எனலாமா?

குழும நண்பர்களுக்கு வணக்கம்.

கழுத்து அறுவைக்குப் பின் உள்ளே தேங்கும் ரத்தத்துக்கு (ஆங்கிலத்தில் hematoma) ‘குருதிக்கட்டி’ என்ற சொல்லே போதும் என்று குழுமத்தில் ஐயா ஒருவர் எழுதியிருந்தார். அகராதிக்குச் சரி. ஆனால் நாம் தேடுவது டிஸ்சார்ஜ் தாளில் அச்சாகி, கோத்தகிரியில் ஒரு வீட்டு மேசைமேல் கிடக்கப்போகிற சொல். கட்டி என்றதும் புற்றுநோயோ என்று பயப்படுவார்கள். ‘ரத்தக்கட்டு’ அதைவிட ஆபத்து. அடிபட்டுக் கன்றிய இடத்துக்கு நாம் எல்லாரும் சொல்வது அதுதான். ஒத்தடம் கொடுத்துவிட்டு, காலையில் பார்க்கலாம் என்று படுத்துவிடுவார்கள்.

இதில் காலைவரை பொறுக்க முடியாது. கழுத்தின் முன்பக்கம் கீறி, கழுத்தெலும்புகளுக்கு இடையிலுள்ள டிஸ்க்கை எடுக்கும்போது, மூச்சுக்குழாயையும் உணவுக்குழாயையும் ஒதுக்கித்தான் எலும்பை அடைகிறார்கள். தைத்து மூடிய பின் உள்ளே கசியும் ரத்தத்துக்குப் போக்கிடம் இல்லை. சிரைகள் நசுங்கி, தொண்டையின் உட்சவ்வு வீங்கி, மூச்சுவழி குறுகிவிடும். பெரும்பாலும் முதல் 24 மணி நேரத்துக்குள் வரும்; சிலருக்கு வீடு திரும்பிய பிறகும் வருவதுண்டு. கழுத்து இறுகும், குரல் மாறும், எச்சில் விழுங்க முடியாது, படுக்க முடியாமல் எழுந்து உட்கார்ந்து தவிப்பார்கள். மூச்சை இழுக்கையில் கீச்சென்று சத்தம் கேட்டால் நிலைமை முற்றிவிட்டது என்று பொருள். விரலில் மாட்டும் ஆக்சிஜன் மானி கடைசிவரை நல்ல எண்ணையே காட்டக்கூடும். அதை நம்பி இருக்கக் கூடாது. ஆஸ்பத்திரியில் மூச்சு திணறினால், ஆபரேஷன் தியேட்டர் தயாராகும்வரை காத்திராமல் படுக்கையிலேயே தையலைப் பிரித்து, தசை அடுக்கையும் திறந்து, திரண்ட ரத்தத்தை எடுப்பார்கள். கூடவே மூச்சுக்குழாய்க்குள் குழல் செருக மயக்க மருத்துவர் வர வேண்டும். அப்புறம்தான் தியேட்டர்.

நம் மலைக்காரர்கள் பலர் கோவையில் அறுவை செய்துகொண்டு திரும்புகிறார்கள். ராத்திரி கழுத்து வீங்கினால், அறுவை செய்த டாக்டரிடமே போவோம் என்று குன்னூர் மலைப்பாதையில் இறங்கத்தான் தோன்றும். 108-ஐ அழைத்து, பக்கத்து ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவுக்கு அவர்களை ஓட வைக்கும் சொல் வேண்டும்.

அதனால்தான் நெரிகுருதி என்கிறேன். கழுத்தை நெரிக்கும் குருதி. உறைபனி மாதிரி வினைத்தொகைதான். உறைபனிக்கு ஊட்டியில் யாரும் விளக்கம் கேட்பதில்லை. பயமுறுத்தும் என்று சிலர் தயங்குகிறீர்கள். இந்த ஒன்றுக்குப் பயப்படட்டும். உடம்பில் வேறிடங்களில் தேங்குவதற்குக் ‘குருதித்திரள்’ இருக்கட்டும்.

தண்டுவடத்தை அழுத்தும் ரத்தக் கசிவுக்கு இந்தச் சொல்லை நீட்ட வேண்டாம். அங்கே கை கால் மரத்துப் பலம் குறையும், உடனே எம்.ஆர்.ஐ. எடுத்து ரத்தத்தை அகற்ற வேண்டும். அவசரம் அதே அவசரம்தான், ஆனால் அடையாளங்கள் வேறு. அதற்குத் தனி இழை தொடங்குகிறேன்.