புதுப்பிப்பு: தகலாக் பயிற்சியின் மூன்றாவது வாரம்

மிஷனரிப் பயிற்சிக்காக மணிலா வந்த புதிதில், பிலிப்பைன்ஸ் மொழியான தகலாக்கின் வினைச்சொற்கள் பிடிபடவில்லை என்று இங்கே புலம்பியிருந்தேன். 'வாங்கு' எனப் பொருள்படும் 'பிலி'யின் முதல் மெய்யை அடுத்து 'உம்' நுழைந்தால் 'புமிலி' என்றாகி வாங்கியவரும், 'இன்' நுழைந்தால் 'பினிலி' என்றாகி வாங்கிய பொருளும் வாக்கியத்தில் முதன்மை பெறுகின்றன என்பது இப்போது ஓரளவு விளங்கிவிட்டது.

எதிர்பாராத உதவி தமிழிலிருந்தே கிடைத்தது. நாம், நாங்கள் என்ற வேறுபாடு இங்கும் 'தாயோ', 'கமி' என்று இருக்கிறது. ஆங்கிலம் மட்டும் அறிந்த என் அறைத்தோழர் இதில்தான் திணறுகிறார். ஆயினும், பாவமன்னிப்பு வேண்டிய ஜெபத்தில் நானே பதற்றத்தில் 'தாயோ' என்றுவிட, "கடவுளையும் சேர்த்துக்கொண்டீர்களே" என்று ஆசிரியை சிரித்தார். பரமண்டல ஜெபம் 'ஆமா நாமின்', அதாவது 'எங்கள் பிதாவே' என்றே தொடங்குவதை அப்போதுதான் கவனித்தேன்.

மரியாதைச் சொல்லான 'போ' மட்டும் இன்னும் நாவில் தங்கவில்லை. பெரியவர்களிடம் 'போ' என்று சொல்லத் தமிழ் மனம் கூசுகிறது.