புதுப்பிப்பு: தாத்தாவின் ரயில்வே கைவிளக்கு, நீலக் கண்ணாடி அசல்தான்

செங்கோட்டை மீட்டர்கேஜ் பாதையில் வேலை பார்த்த தாத்தாவின் கைவிளக்கைப் பற்றிப் போன மாதம் கேட்டிருந்தேன். நிறக் கண்ணாடிகளை மாற்றத் திருகும் தலை துருவேறி நகரவில்லை. பச்சை இருக்க வேண்டிய இடத்தில் நீலமாக ஒரு கண்ணாடி. யாராவது மாற்றிவிட்டார்களா, ஏலத்துக்கு விடலாமா என்பது கேள்வி. பதில் சொன்ன எல்லாருக்கும் மனமார்ந்த நன்றி.

தேங்காய் எண்ணெய் பலிக்கவில்லை. மண்ணெண்ணெயில் நனைத்த துணியைச் சுற்றி வைக்கச் சொன்னதுதான் வேலை செய்தது. மூன்றாம் நாள் தலை திரும்பியது. உப்புத்தாள் போடாதீர்கள் என்று தடுத்தவருக்குத் தனி நன்றி. கரியைத் துணியால் துடைத்தபோது ‘எஸ்.ஐ.ஆர்.’ (சவுத் இந்தியன் ரயில்வே) முத்திரை தெரிந்தது. தென்னிந்திய ரயில்வே 1951-ல் தெற்கு ரயில்வேயில் சேர்ந்துவிட்டது, ஆக விளக்கு அதற்கு முந்தையது.

கண்ணாடி விஷயத்தில் “திரி ஏற்றிப் பாருங்க” என்றவர் சொன்னதே சரி. நான் செல்போன் வெளிச்சத்தில் பார்த்திருந்தேன். மண்ணெண்ணெய்ச் சுடரின் மஞ்சள் அந்த நீலத்தில் புகுந்ததும் அப்படி ஒரு பச்சை! அம்மா அடுப்படியிலிருந்து ஓடி வந்து பார்த்தாள்.

எதிர்பாராதது ஒன்று. எண்ணெய்க் கிண்ணம் ஆடாமலிருக்க அடியில் ஓர் அட்டை டிக்கெட்டை மடித்துச் செருகியிருக்கிறார் தாத்தா. ஆரியங்காவு – செங்கோட்டை, தேதி அழிந்துவிட்டது.

டவுனில் பழைய இரும்புக்கடையில் 600 ரூபாய் சொன்ன விளக்கு, ஏலத்தில் 7,400-க்குப் போனது. கரியைத் துணியால் துடைத்ததோடு விட்டு, கழுவாமல் கொடுத்ததால்தான் அந்த விலை என்றார் வாங்கியவர். டிக்கெட்டை நான் கொடுக்கவில்லை.