வந்து இறங்கும் வார இறுதியிலேயே பனிமலை நடைக்கு அழைக்கிறார்கள், போகலாமா?

உவர்மலையான் எழுதியது:

தங்கையின் திருமணத்திற்காக வரும் ஜனவரியில் முதன்முறையாகச் சுவிற்சர்லாந்து செல்கிறேன். அங்கே வாழும் பள்ளித் தோழர்கள் மூவர், நேற்றிரவு தொலைபேசியில் பேசிக்கொண்டிருக்கும்போதே, நான் வந்து சேரும் வார இறுதியில் எல்லோருமாகப் பனிமலை நடைக்குப் போவதென்று தீர்மானித்துவிட்டார்கள். எந்த மலை, எவ்வளவு தூரம் என்று கேட்டால், வெள்ளிக்கிழமை இரவு வானிலையைப் பார்த்துச் சொல்வதாகக் கூறுகிறார்கள். எனக்கு வயது 46. கோணேசர் கோயில் ஏற்றத்தையும் கன்னியாவுக்குச் சைக்கிளில் போய்வந்த பழைய நாட்களையும் தவிர, மலை ஏறிய அனுபவம் எதுவும் இல்லை. இப்படித் திடீரென்று புறப்படுவது பொறுப்பற்ற செயலா, அல்லது நான்தான் வீணாகப் பயப்படுகிறேனா? இங்கிருந்து எதை வாங்கிக்கொண்டு போக வேண்டும்?

நிலாவெளிக்குத் திரும்பியவன் எழுதியது:

பதினேழு ஆண்டுகள் பேர்ண் நகரில் வாழ்ந்துவிட்டு வந்தவன் என்ற முறையில் சொல்கிறேன். வெள்ளிக்கிழமை இரவு முடிவெடுப்பதில் தவறில்லை. ஒரு மாதத்துக்கு முன்பே நாள் குறித்து, குறித்துவிட்டோமே என்பதற்காக மோசமான வானிலையிலும் போகிறவர்களைவிட உங்கள் நண்பர்கள் விவரமானவர்கள். டாவோஸில் உள்ள பனிச்சரிவு ஆய்வு நிலையம் குளிர்காலத்தில் நாள்தோறும் மாலை 5 மணிக்கு அறிக்கை வெளியிட்டு, ஆபத்தை 1 முதல் 5 வரையான படிகளில் தெரிவிக்கிறது. நம்மவர்கள் 3 என்பதை நடுத்தரம் என்று எடுத்துக்கொள்வதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். ஆனால் உயிரிழப்புகளில் பெரும்பங்கு அந்தப் படியில்தான் நேர்கிறது. 4, 5 என்று அறிவித்தால் அநேகமானோர் சரிவுகளுக்குப் போவதேயில்லை.

ஆகவே நண்பர்களிடம் ஒரே கேள்வி கேளுங்கள்: நடக்கப்போவது குறியிட்ட குளிர்காலப் பாதையா, குறியில்லாத சரிவா? அங்கே குளிர்கால நடைபாதைகளுக்கு இளஞ்சிவப்புப் பலகை வைத்திருப்பார்கள். பலகை உள்ள பாதை திறந்திருந்தால் தயங்காமல் போங்கள். பலகை இல்லாத, 30 பாகைக்கு மேல் சரிந்த இடமென்றால், அழைப்பவர் எவ்வளவு நெருங்கியவராக இருந்தாலும் மறுத்துவிடுங்கள். ரிகி மலை உங்களுக்குப் பொருந்தும்; 1871 முதல் அங்கே பற்சக்கர ரயில் ஓடுவதால், ரயிலில் ஏறி, முடிந்தவரை நடந்து, களைத்த இடத்துக்கு அருகிலுள்ள நிலையத்தில் மீண்டும் ஏறிக்கொள்ளலாம். அதன் உயரம் 1797 மீட்டர்தான்; நமது பிதுருதலாகல 2524 மீட்டர் உயர்ந்தும் பனி மூடுவதில்லை என்பதை நினைத்துப் பாருங்கள்.

இன்னொன்று. ஜனவரியில் அங்கே 5 மணி அளவிலேயே பொழுது சாய்ந்துவிடும். பிற்பகல் 2 மணிக்கு எங்கே நின்றாலும் திரும்புவதென்று புறப்படும் முன்பே பேசிவையுங்கள். மலை மீட்பு ஹெலிகொப்டர் எண் 1414.

மூதூர் மருமகள் எழுதியது:

அண்ணா, இங்கிருந்து எதையும் வாங்க வேண்டாம். திருமலையில் கிடைக்கும் குளிர்ச்சட்டை அந்தக் குளிருக்குப் போதாது. சப்பாத்தும் மேலங்கியும் நண்பர்களிடம் இரவல் கேளுங்கள். உள்ளே பருத்தி பெனியன் மட்டும் அணிய வேண்டாம், ஏனெனில் ஏறும்போது வியர்த்து நனைந்த பருத்தி, நின்றவுடன் ஈரத்துணி போல் உடம்பில் ஒட்டி நடுங்க வைக்கும். கறுப்புக் கண்ணாடியும் வெயில் களிம்பும் அவசியம். புதுப் பனி புறவூதாக் கதிர்களில் 80 சதவீதம் வரை திருப்பி அனுப்பும். கடற்கரையில் வளர்ந்த எனக்கு வெயில் பழக்கம்தானே என்று நோர்வேயில் சிரித்துவிட்டு, மாலையில் மூக்குத் தோல் உரிந்து நின்றேன். கலியாணப் படங்களில் அப்படி நிற்க நீங்கள் விரும்பமாட்டீர்கள்.

கன்னியா வாசகன் எழுதியது:

புறப்படுமுன் ஹோட்டன் சமவெளிக்கு ஒருமுறை போய்வாருங்கள். 2100 மீட்டருக்கு மேல், 9 கிலோமீட்டர் அளவான சுற்று. ஜனவரி விடியலில் புல்லின் மேல் உறைபனியையும் பார்க்கலாம்.

நிலாவெளிக்குத் திரும்பியவன் எழுதியது:

மூச்சுக்கும் முழங்காலுக்கும் அது நல்ல பயிற்சிதான். ஆனால் புல்லின் மேல் படியும் உறைபனி வேறு, முழங்கால் வரை புதையும் பனி வேறு. ஒரு கிலோமீட்டருக்கு இரண்டு மடங்கு நேரம் கணக்கிடுங்கள்.

உவர்மலையான் எழுதியது:

அனைவருக்கும் நன்றி. பலகையைப் பற்றி நேற்றிரவு கேட்டேன். ஒருவர் சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, தாம் நினைத்திருந்த பாதைக்குப் பலகை கிடையாதென்று ஒப்புக்கொண்டார். இப்போது ரிகி என்று முடிவாகியிருக்கிறது. என் சப்பாத்து அளவைக் கேட்டிருக்கிறார்கள்.