சமூக வயர்லெஸ் வலைப்பின்னல்: டோக்கன் கொடுத்தால் போலி முனைகள் பெருகாதா?

கேள்வி: மைய நிறுவனம் எதுவுமின்றி, ஒவ்வொருவரும் தம் கூரையில் ரூட்டர் வைத்து அடுத்தவரின் தரவைக் கடத்தும் மெஷ் வலைப்பின்னலை வடிவமைத்து வருகிறோம். கடத்திய அளவுக்கேற்ப டோக்கன் (பணமதிப்புள்ள டிஜிட்டல் நாணயம்) வழங்கினால், ஒருவரே பல போலி முனைகளை (உண்மையில் இல்லாத ரூட்டர்களை) உருவாக்கி, அவற்றுக்குள்ளேயே தரவைச் சுற்றவிட்டுச் சம்பாதிக்க மாட்டாரா?

பதில் 1: நிச்சயம் செய்வார். தனிநபர்கள் வைக்கும் கருவிகளுக்கு டோக்கன் தரும் ஹீலியம் என்ற வயர்லெஸ் வலைப்பின்னலில், சிக்னல் பரப்புக்கு வெகுமதி கிடைத்ததால், ஹாட்ஸ்பாட்டுகள் எனப்படும் அந்தக் கருவிகளை ஒரே இடத்தில் குவித்துவிட்டு வெவ்வேறு இடங்களில் இருப்பதாகப் பதிவு செய்தவர்கள் உண்டு. புதிதாக டோக்கன் அச்சிடாமல், பயனர் செலுத்தும் கட்டணத்திலிருந்து மட்டுமே கடத்துபவருக்குப் பங்கு கொடுங்கள். அப்போது தனக்குத்தானே தரவு அனுப்புபவர் தன் பணத்தையே திரும்பப் பெறுவார், பொதுநிதிக்குச் சிறு பிடித்தம் வைத்தால் அவருக்கு நஷ்டமே மிஞ்சும்.

பதில் 2: டோக்கனே தேவையா என்பதையும் யோசியுங்கள். 2004-இல் ஸ்பெயினின் கட்டலோனியாவில் தொடங்கிய கிஃபி.நெட் என்ற சமூக வலைப்பின்னலில், இணையச் சேவை வழங்கும் நிறுவனங்கள் பொதுக் கட்டமைப்பில் போட்ட முதலீட்டையும் பயன்படுத்திய அளவையும் ஒப்பிட்டு, கூடுதலாகப் பயன்படுத்தியவரிடம் வசூலித்து மற்றவருக்கு ஈடுசெய்கிறார்கள்.

கேள்வி கேட்டவர்: தரவு குறைவாகவே செல்லும் கடைக்கோடி முனையை யார் பராமரிப்பார்?

பதில் 1: அதற்குத்தான் அந்தப் பொதுநிதி. முனை இயங்கியதற்கு அதன் சொந்த அறிக்கையை ஏற்காமல், அண்டை முனைகள் அளந்த பாக்கெட் இழப்பை (வழியில் தொலைந்த தரவுத் துண்டுகளின் அளவை) பார்த்துத் தொகை வழங்குங்கள்.