ஓவர்டோஸ் மாடல் ஒண்ணு போடுறோம், டேட்டா தெரிஞ்சவங்க கொஞ்சம் வழி சொல்லுங்க

வணக்கம் மக்களே, சின்ன தன்னார்வ குழு ஒண்ணுல இருக்கேன். ஓபியாய்டு (ஹெராயின் மாதிரி போதைப்பொருள்) ஓவர்டோஸ் அடுத்த வாரம் எந்த ஏரியாவுல கூடும்னு மாடல் போட்டு கணிச்சு, அங்க நலாக்சோன் ஸ்ப்ரேயோட (ஓபியாய்டு ஓவர்டோஸை முறிக்கற மூக்கு மருந்து) நம்ம ஆளுங்க முன்னாடியே போய் நிக்கணும், அவ்ளோதான் ஐடியா.

சிக்கல் என்னன்னா இறப்பு டேட்டாவை நம்ப முடியல, டாக்ஸிகாலஜி (உடம்புல என்ன போதைப்பொருள் இருந்துச்சுன்னு பாக்குற டெஸ்ட்) ரிசல்ட் வந்து காரணம் பதிவாகவே வாரம் மாசம்னு இழுக்குது, அதுக்குள்ள நிலைமையே மாறிடுது. சரின்னு ஆம்புலன்ஸ் கால் டேட்டா எடுத்தோம், சீக்கிரம் வருது, ஆனா ஏரியா வாரியா பிரிச்சா பாதிக்கு மேல பூஜ்யம். பாய்ஸான் (எண்ணிக்கையை கணிக்கற சாதாரண மாடல்) சரியா உக்காரல. ஏற்ற இறக்கம் அதிகமா இருந்தாலும் தாங்குற நெகட்டிவ் பைனாமியல் மாடலுக்கு போகலாமா, இல்ல பக்கத்து ஏரியாவையும் சேர்த்து ஸ்மூத் பண்ணணுமா?

இன்னொண்ணு, ஜெயில்ல இருந்து வெளிய வர்றவங்களுக்கு முதல் 2 வாரம்தான் ரொம்ப ஆபத்து, உடம்புக்கு தாங்குற சக்தி குறைஞ்சிருக்கும், பழைய அளவையே எடுத்தா மூச்சு நின்னுடலாம். இதையும் மாடல்ல சேர்க்க ஆசை, ஆனா ஆளை காட்டிக் கொடுத்துடுமோன்னு பயமா இருக்கு. மாடல் காட்டுற ஏரியா மேப் போலீஸ் கைக்குப் போச்சுன்னா அப்புறம் ஒருத்தரும் நம்மகிட்ட பேச மாட்டாங்க (நானா இருந்தாலும் பேச மாட்டேன்).

களத்துல வேலை பண்றவங்களும் சொல்லுங்க, நலாக்சோன் எஃபெக்ட் 30லேர்ந்து 90 நிமிஷத்துல இறங்கிடும், மறுபடி மூச்சு அடங்கலாம், அதுவரைக்கும் கூடவே இருக்க ஆளுங்களை எப்படி ஏற்பாடு பண்றீங்க? தனியா ரூமுக்குள்ள எடுக்கறவங்களை எப்படி எட்டுறீங்க? பாதி அனுபவம் இருந்தாலும் பரவால்ல, எழுதுங்க.