விழுந்ததால் உடைந்ததா, உடைந்ததால் விழுந்தாரா? வீட்டுப் பெரியவர்களின் எலும்பு முறிவு: உங்கள் அனுபவம்

கீற்று

அப்பாவுக்கு 76. ராத்திரி பாத்ரூம் போக எழுந்தவர் கட்டிலுக்கும் கதவுக்கும் நடுவில் விழுந்துவிட்டார். பெரிய சத்தம்கூட இல்லை, ஏதோ புத்தகம் விழுந்தது மாதிரிதான் கேட்டது. ஓடிப்போய் பார்த்தால் "ஒன்றுமில்லை, தூக்கிவிடு" என்கிறார். அக்குளில் கை கொடுத்துத் தூக்கும்போதுதான் கவனித்தேன். வலது பாதம் முழுக்க வெளிப்பக்கமாகத் திரும்பிக் கிடந்தது, வேறு யாருடைய காலோ என்பது போல. அந்தக் கால் இரண்டு விரல் கட்டை அளவு குட்டையாகவும் தெரிந்தது. நான் என்ன செய்தேன் என்றால், சுளுக்கு என்று நினைத்து, கணுக்காலைப் பிடித்து நேராக்கப் பார்த்தேன். அவர் கத்திய சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. அவர் கத்தி நான் அதற்கு முன்பு கேட்டதே இல்லை.

தொடை எலும்பின் கழுத்துப் பகுதி முறிவு. டாக்டர் படத்தைப் பார்த்துக்கொண்டே "இதற்கு முன்னால் எங்கேயாவது முறிந்திருக்கிறதா?" என்று கேட்டார். இல்லவே இல்லை என்றேன். வீட்டுக்கு வந்த பிறகுதான் ஞாபகம் வந்தது, இரண்டு வருடம் முன்பு நாற்காலிக் கைப்பிடியின் மேல் சாய்ந்து கீழே கிடந்த பேனாவை எடுக்கப்போய் விலா எலும்பில் விரிசல் விட்டது. யாராவது பேனா எடுக்கப்போய் விலா எலும்பை உடைத்துக்கொள்வார்களா? அன்றைக்கு எங்களில் ஒருவருக்கும் அது தோன்றவில்லை. மூச்சிரைப்புக்கு வருடக்கணக்கில் ஸ்டீராய்டு மாத்திரை வேறு. அம்மாவுக்கு இரண்டு முறை எலும்பு அடர்த்திப் பரிசோதனை எடுத்திருக்கிறோம், அப்பாவுக்கு ஒரு தடவைகூட இல்லை.

அந்தக் காலை நான் இழுத்தது தப்பா என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

மூன்றாம்மாடி

என்னுடையது மணிக்கட்டில் ஆரம்பித்தது, அப்போது வயது 54. படியில் கால் இடறி, விழப்போகிறோம் என்று தெரிந்ததும் கையை ஊன்றினேன். மணிக்கட்டு முள்கரண்டியைக் கவிழ்த்து வைத்த மாதிரி ஆகிவிட்டது. டாக்டர் பக்கத்தில் நின்ற மாணவர்களைக் கூப்பிட்டு என் கையைக் காட்டிப் பாடமே நடத்தினார். இதற்குக் கோலிஸ் முறிவு என்று பெயர், ஆபிரகாம் கோலிஸ் என்பவர் 1814ல் எழுதி வைத்தது, எக்ஸ்ரே வந்ததே 1895ல்தான், வெறும் கையால் தடவிப் பார்த்துக் கண்டுபிடித்திருக்கிறார் பாருங்கள் என்று வியந்துகொண்டிருந்தார். நான் வலியில் பல்லைக் கடித்துக்கொண்டு 1814ஐக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

ஆறு வாரம் மாவுக்கட்டு. கட்டு பிரித்த அன்று "அவ்வளவுதான், போகலாம்" என்றார்கள். எனக்கும் சந்தோஷம். இந்த உயரத்திலிருந்து விழுந்ததற்கே உடைகிறது என்றால் எலும்பைக் கொஞ்சம் பார்ப்போம் என்று ஒருவரும் சொல்லவில்லை. நான்கு வருடம் கழித்து, தண்ணீர் நிறைந்த வாளியைக் குனிந்து தூக்கினேன், முதுகில் யாரோ குச்சியை ஒடித்த மாதிரி இருந்தது. முதுகெலும்பில் ஒன்று நசுங்கியிருந்தது. எலும்பு அடர்த்தியை ஆரோக்கியமான இளவயதுக்காரர்களோடு ஒப்பிட்டு ஒரு எண் தருவார்கள், டி ஸ்கோர் என்று, எனக்கு மைனஸ் 2.9. மைனஸ் 2.5க்குக் கீழே போனாலே ஆஸ்டியோபோரோசிஸ், அதாவது எலும்பு மெலிவு நோய்தான். ஒரு முறை உடைந்தவருக்கு அடுத்த முறிவு வரும் வாய்ப்பு கிட்டத்தட்ட இரண்டு மடங்கு, அதுவும் முதல் இரண்டு வருடம்தான் ரொம்ப மோசம் என்று அப்புறம்தான் தெரிந்தது. அந்த "போகலாம்" என்ற வார்த்தையை நினைத்தால் இப்போதும் எரிச்சலாக வருகிறது.

கணக்குப்பிள்ளை

எல்லாரையும் பயமுறுத்த வேண்டாம். வயதானால் விழுவார்கள், விழுந்தால் உடையும், அவ்வளவுதான். இந்த எலும்புத் தேய்மானம் எல்லாம் பெண்கள் சமாசாரம், மாதவிடாய் நின்ற பிறகு வருவது. என் பெரியப்பா 81 வயதில் ஏணியிலிருந்து விழுந்தார், ஒரு சிராய்ப்போடு எழுந்து நடந்து போனார். கீற்று, உங்கள் அப்பா விஷயத்தில் ஸ்டீராய்டுதான் காரணம், ஆண் பெண் கணக்கை இதில் ஏன் இழுக்க வேண்டும்?

இரவுப்பணி

கணக்குப்பிள்ளை ஐயா, எலும்பு வார்டில் 11 வருடம் நர்ஸாக இருந்தேன், அதனால் சொல்கிறேன். முதலில் தேய்மானம் என்று சொல்வதை விடுங்கள். மூட்டுத் தேய்மானம் வேறு, எலும்பு மெலிவு வேறு. முன்னது வலித்து வலித்தே ஊரைக் கூட்டிவிடும், பின்னது உடைகிற வரைக்கும் மூச்சே விடாது. 50 வயதைத் தாண்டிய பெண்களில் மூவரில் ஒருவருக்கும், ஆண்களில் ஐவரில் ஒருவருக்கும் மீதி ஆயுளுக்குள் இப்படி ஒரு முறிவு வருகிறது. ஐவரில் ஒருவர் என்பது உங்களுக்குச் சின்னக் கணக்காகத் தெரிகிறதா? எங்கள் வார்டில் இடுப்பு முறிவோடு வருகிறவர்களில் நான்கில் மூன்று பேர் பெண்கள்தான், அதை மறுக்கவில்லை. ஆனால் இடுப்பு உடைந்து ஒரு வருடத்துக்குள் இறந்துபோகிறவர்கள் விகிதம் ஆண்களில்தான் அதிகம். வரும்போதே நெஞ்சு, சிறுநீரகம் என்று மூன்று நான்கு வியாதியோடு வருவார்கள்.

ஒருவரை மறக்க முடியவில்லை. தினமும் காலையில் சீப்பு கேட்டு வாங்கித் தலை சீவிக்கொள்வார், தலையில் இருந்தது பத்து முடி. ஆபரேஷன் ஆன இரண்டாம் நாள் ராத்திரி புத்தி தடுமாறிவிட்டது. என்னைத் தன் தங்கை என்று நினைத்து, "ரயிலுக்கு நேரமாகிறது, பெட்டியை எடு" என்று கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. விடிகிற வரைக்கும் பெட்டியைத் தேடுவது போல நடித்தேன். மறுநாள் தெளிந்துவிட்டார், சீப்பு கேட்டார். பத்தாம் நாள் நிமோனியா.

நிழல்குடை

விழாமலே உடைவதைப் பற்றி யாரும் சொல்லவில்லையே. என் மாமியாருக்கு வழக்கமாக எட்டுகிற அலமாரி மேல்தட்டு எட்டாமல் போனது. "தட்டை யார் உயர்த்தி வைத்தீர்கள்" என்று எங்களிடம் சண்டை பிடித்தார், நாங்கள் சிரித்தோம். எட்டு மாதம் கழித்து இருமலுக்காக எடுத்த நெஞ்சு எக்ஸ்ரேயில் முதுகெலும்பு இரண்டு இடத்தில் ஆப்பு மாதிரி நசுங்கியிருந்தது. எப்போது ஆனது என்று அவருக்கும் தெரியாது. முதுகெலும்பு முறிவுகளில் மூன்றில் இரண்டு பங்கு இப்படித்தான், வைத்தியர் பார்வைக்கே வருவதில்லையாம். அளந்து பார்த்ததில் 5 சென்டிமீட்டர் குறைந்திருந்தார். அந்தத் தட்டை இப்போது நாங்களே இறக்கிவிட்டோம், இன்றுவரை அதைப் பற்றி அவர் பேசவில்லை.

அனுபவசாலி

என் மனைவிக்கும் தோள்பட்டையில் முறிந்தது, இப்போது சரியாகிவிட்டது. கீற்று தம்பி, உங்களுக்குச் சில விஷயம் சொல்கிறேன், குறித்துக்கொள்ளுங்கள். இடுப்பு முறிவில் பத்துக்கு ஒன்பதுக்கு மேல் விழுவதால் வருவது, அதிலும் பக்கவாட்டில் விழுந்தால்தான் வம்பு. ஐம்பது வயதுக்காரர் கையை ஊன்றுவார், மணிக்கட்டு போகும். எண்பது வயதுக்காரருக்குக் கை நீளுவதற்குள் இடுப்பு தரையில் இருக்கும். ஆகவே விழாமல் பார்ப்பதுதான் முதல் வேலை. பாத்ரூமில் கைப்பிடி, ராத்திரி விளக்கு, வழுக்கும் மிதியடி இருக்கக் கூடாது, தரையில் ஒயர் கிடக்கக் கூடாது. தூக்க மாத்திரை சாப்பிடுகிறாரா? பிரஷர் மாத்திரை? எழுந்ததும் தலைசுற்றினால் டாக்டரிடம் சொல்லி அளவைப் பார்க்க வேண்டும். படுக்கையிலிருந்து எழுந்தால் ஒரு நிமிடம் உட்கார்ந்துவிட்டுத்தான் நிற்க வேண்டும். கண்புரை இருந்தால் தள்ளிப்போடாமல் ஆபரேஷன். அப்புறம் மருந்து. வாரத்துக்கு ஒன்று போடும் அலென்ட்ரோனேட் கொடுத்தார்கள் என்றால் வெறும் வயிற்றில் முழு டம்ளர் தண்ணீரோடு விழுங்கிவிட்டு அரை மணி நேரம் படுக்கவே கூடாது, இல்லாவிட்டால் உணவுக்குழாய் புண்ணாகும். ஆறு மாதத்துக்கு ஒரு ஊசி, டெனோசுமாப், அதை ஆரம்பித்தால் சொந்த முடிவில் நிறுத்தாதீர்கள், நிறுத்திய பிறகு முதுகெலும்பு வரிசையாக நசுங்கியவர்கள் உண்டு. பல் பிடுங்குவதாக இருந்தால் பல் டாக்டரிடம் இந்த மருந்துகளைப் பற்றி முதலிலேயே சொல்லுங்கள். வைட்டமின் டி மாத்திரை போட்டுக்கொண்டால் போதும் என்று நினைப்பவர்களுக்கு ஒன்று, 25,000 பேருக்கு மேல் வைத்து நடந்த ஆய்வின் முடிவு 2022ல் வந்தது, குறைபாடு இருக்கிறதா என்று பார்க்காமல் பொதுவாக ஆரோக்கியமாக இருந்தவர்களுக்குக் கொடுத்ததில் முறிவு குறையவில்லை. குறைபாடு உள்ளவர் கதை வேறு. ஒற்றைக்காலில் நிற்கிற பயிற்சியும் நல்லது, மேஜையைப் பிடித்துக்கொண்டுதான். இன்னும் நிறைய இருக்கிறது, கேட்டால் சொல்கிறேன்.

மூன்றாம்மாடி

அவர் அதைக் கேட்கவே இல்லையே ஐயா. காலை இழுத்தது தப்பா என்றுதான் கேட்டார்.

இன்னொன்று, எண்ணை மட்டும் நம்பாதீர்கள். என் நாத்தனாருக்கு டி ஸ்கோர் மைனஸ் 1.8. "பரவாயில்லை, லேசான குறைவுதான்" என்று அனுப்பிவிட்டார்கள், ஆறு மாதத்தில் இடுப்பு போனது. மைனஸ் 2.5ஐத் தொடாதவர்கள்தான் எண்ணிக்கையில் ரொம்ப அதிகம் என்பதால், மொத்த முறிவுகளில் பாதிக்கு மேல் அவர்களிடம்தான் நடக்கிறது. வயது, முன்னால் உடைந்தது, பெற்றோருக்கு இடுப்பு உடைந்தது, புகை, ஸ்டீராய்டு எல்லாவற்றையும் சேர்த்துக் கணக்குப் போடுவதற்கு ஃப்ராக்ஸ் என்று ஒன்று 2008லேயே வந்துவிட்டது. அதை யாராவது போட்டுப் பார்த்திருந்தால் அவரை அப்படி அனுப்பியிருப்பார்களா?

கணக்குப்பிள்ளை

சரி, ஐவரில் ஒருவர் என்றால் நான்கு பேருக்கு ஒன்றும் ஆகவில்லை என்றும் சொல்லலாம். பெரியப்பா அந்த நால்வரில் ஒருவர். நான் சொன்னதில் தப்பு இல்லை. (எனக்கு 63. போன மாதம் பெல்ட்டில் புதிதாக ஓட்டை போட்டேன், அதுவும் இதுவும் ஒன்றா என்று தெரியவில்லை.)

இரவுப்பணி

பெல்ட் வேறு ஐயா, எடை குறைகிறது. அதையும் டாக்டரிடம் காட்டுங்கள், மெலிந்துபோகிறவர்களுக்கு எலும்பும் சேர்ந்துதான் போகும்.

கீற்று, உங்கள் கேள்விக்கு யாருமே பதில் சொல்லவில்லை. தொடை எலும்பின் கழுத்துக்கு ரத்தம் கொண்டுபோகிற குழாய்கள் எலும்பை ஒட்டியே ஓடுகின்றன. உடைந்து விலகும்போதே பெரும்பாலும் அவையும் அறுந்துவிடும், அதனால்தான் அந்த இடத்தை ஒட்டவைக்காமல், இடுப்புக் குழியில் உட்காரும் எலும்பின் பந்து போன்ற தலையையே எடுத்துவிட்டுச் செயற்கைப் பந்தை மாற்றுகிறார்கள். பாதம் வெளியே திரும்பி, கால் குட்டையாகத் தெரிந்தது என்று சொல்கிறீர்கள் பாருங்கள், அப்படியென்றால் நீங்கள் தொடுவதற்கு முன்னாலேயே விலகிவிட்டது. நீங்கள் இழுத்ததில் வலி கூடியிருக்கும், அது நிச்சயம். அதற்கு மேல் என்ன ஆனது என்று யாராலும் சொல்ல முடியாது. இன்னொரு முறை யாருக்காவது இப்படி ஆனால் தூக்கவும் கூடாது, இழுக்கவும் கூடாது, இருக்கிற நிலையிலேயே இரண்டு பக்கமும் தலையணை வைத்து ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள். பெற்றவரைக் கொண்டுவந்து சேர்க்கிற பிள்ளைகள் நிறைய பேர் தனியாகக் கூப்பிட்டு மெல்லச் சொல்வார்கள், "நான் கொஞ்சம் இழுத்துப் பார்த்தேன் சிஸ்டர்" என்று.

கீற்று

நன்றி சிஸ்டர். அனுபவசாலி ஐயாவுக்கும் நன்றி, பாத்ரூமில் கைப்பிடி ஏற்கெனவே இருந்தது, அவர் பாத்ரூமுக்குப் போய்ச் சேரவே இல்லை.

பந்து மாற்றி ஐந்து மாதம் ஆகிறது. வாக்கரோடு கூடம் வரைக்கும் வருகிறார். அன்றைக்கு நடந்ததைப் பற்றி நாங்கள் இருவரும் ஒரு வார்த்தை பேசிக்கொண்டதில்லை. போன வாரம் அக்கா வந்திருந்தபோது அவளிடம் சொல்லிக்கொண்டிருந்தது அடுத்த அறையில் இருந்த எனக்குக் கேட்டது. "இவன் மட்டும் அன்றைக்குப் பிடித்து இழுத்திருக்காவிட்டால் கால் இப்படி நேராக வந்திருக்குமா?"