பெட்ரோல், டீசல் விலை: பெங்களூரில் நீங்கள் கண்டதும் பட்டதும்

அல்சூர்வாசி:

பெட்ரோல் விலை ஏறும்போதெல்லாம் திட்டு வாங்குகிறவர்கள் பங்க்கில் குழாய் பிடித்து நிற்பவர்கள்தான். ஏற்றியவர்கள் யாரும் அங்கே நிற்பதில்லை.

2024 ஜூன் நடுவில் கர்நாடக அரசு விற்பனை வரியைக் கூட்டியதே, அந்த வாரம் நடந்தது இது. 99 ரூபாய் சொச்சமாக இருந்த பெட்ரோல் ஒரேயடியாக 3 ரூபாய் ஏறியிருந்தது. அல்சூர் ஏரிப் பக்கத்து பங்க் ஒன்றில் எனக்கு முன்னால் உணவு டெலிவரி செய்யும் பையன் ஒருவன். நூறு ரூபாய்க்குப் போடச் சொன்னான். மீட்டர் 0.97 லிட்டரில் நின்றுவிட்டது. "என்னம்மா, நூறு ரூபாய்க்கு ஒரு லிட்டர்கூட வரவில்லையே, குறைத்துப் போடுகிறீர்களா?" என்று சத்தம் போட்டான். குழாய் பிடித்திருந்த அம்மாவுக்கு ஐம்பது வயதிருக்கும். பேச்சில் வாணியம்பாடிப் பக்கத்து வாடை. "பூஜ்யம் பார்த்துவிட்டுத்தானே தம்பி போடச் சொன்னாய்? ராத்திரியோடு ராத்திரியாக ஏற்றிவிட்டார்கள். காலையிலிருந்து எல்லாரும் என்னைத்தான் கேட்கிறார்கள்" என்றார். சொல்லிக்கொண்டே குழாயின் வாயை டேங்க் விளிம்பில் இரண்டு தட்டு தட்டி, ஒட்டியிருந்த கடைசிச் சொட்டையும் உள்ளே விட்டுத்தான் எடுத்தார்.

எனக்குக் கோபம் வந்தது பில்லைப் பார்த்தபோது. இத்தனை லிட்டர், இன்ன விலை, மொத்தம் இவ்வளவு. முடிந்தது. ஓட்டலில் இரண்டு இட்லி தின்றால்கூட மத்திய ஜிஎஸ்டி, மாநில ஜிஎஸ்டி என்று பிரித்துப் போட்டுக் கொடுக்கிறார்கள். அன்றைக்கு ஒரு லிட்டர் பெட்ரோலில் மத்திய கலால் வரி மட்டும் 19 ரூபாய் 90 காசு. அதையும் சேர்த்த விலையின்மேல் மாநில வரி 29.84 சதவீதம். வரிக்கும் வரி! ஆயிரம் ரூபாய்க்குப் போட்டால் நானூறுக்கு மேல் வரியாகவே போயிற்று. இதை அந்தத் துண்டுச் சீட்டில் அச்சிடுவதற்கு என்ன தடை? அச்சிட்டிருந்தால் அந்தப் பையன் அந்த அம்மாவிடம் சண்டைக்குப் போயிருக்க மாட்டான்.

கலாசிபாளையம் லாரிக்காரர்:

எங்கள் வண்டிகள் சேலம், ஈரோடு பக்கம் ஓடுகின்றன. முன்பெல்லாம் அத்திப்பள்ளியில் டேங்க்கை நிரப்பிக்கொண்டுதான் டிரைவர்கள் எல்லை தாண்டுவார்கள். இங்கே டீசல் 86 ரூபாய்க்குள், தமிழ்நாட்டில் 92-க்கு மேல். அந்த வித்தியாசத்தில்தான் டிரைவர் படி, சுங்கச்சாவடி எல்லாம் சமாளித்தோம். 2024 ஜூனில் மூன்று ரூபாய், 2025 ஏப்ரலில் இன்னும் 2 ரூபாய் என்று ஏற்றினார்கள். அந்த ஆதாயம் கையைவிட்டுப் போயிற்று.

டீசல் ஏறிய மறுநாளே வாடகையை ஏற்ற முடியாது. சரக்கு அனுப்புகிற பார்ட்டியிடம் முன்கூட்டியே ரேட் பேசியிருப்போம், பேச்சு மாற முடியுமா? அந்த ஏப்ரலில் லாரி உரிமையாளர்கள் வேலைநிறுத்தம் அறிவித்தபோது நானும் வண்டியை நிறுத்தினேன். வெங்காய மண்டிக்காரர் ஒருவர் போன் செய்து, "அண்ணா, உங்களுக்கும் அரசாங்கத்துக்கும் சண்டை, நடுவில் என் சரக்கு ஏன் அழுக வேண்டும்?" என்று கேட்டார். எனக்குப் பதில் சொல்ல வரவில்லை. பல வருடப் பழக்கம் அது.

2017-ல் ஜிஎஸ்டி வந்தபோதே பெட்ரோலையும் டீசலையும் வெளியே வைத்துவிட்டார்கள். 2021 செப்டம்பரில் லக்னோவில் கூடிய ஜிஎஸ்டி கவுன்சிலும் அவற்றை உள்ளே கொண்டுவர நேரம் வரவில்லை என்று தள்ளிவிட்டது. மத்தியும் விடாது, மாநிலமும் விடாது. இதில் மட்டும் எல்லாக் கட்சிக்கும் ஒரே கொள்கை.

ஸ்ரீராமபுரத்துப் பெண்:

நான் கொஞ்சம் மாற்றிச் சொல்கிறேன், கோபித்துக்கொள்ள வேண்டாம். என் அம்மா கே.ஆர். மார்க்கெட்டில் பூ வாங்கி வந்து கட்டி விற்கிறார். விடியற்காலையில் கூடையோடு ஆட்டோவில்தான் போக வேண்டும். 2025 ஆகஸ்டில் ஆட்டோவின் குறைந்தபட்சக் கட்டணம் 30-லிருந்து 36 ரூபாயானது. அதற்கும் மேலே கேட்ட ஆட்டோக்காரரிடம் அம்மா வாதாடிப் பார்த்தார். "கேஸ் விலையைப் பாருங்கள் அக்கா" என்றாராம். ஆனால் திரும்பும்போது பஸ்ஸில் அம்மாவுக்குப் பூஜ்ய ரூபாய் டிக்கெட். பெண்களுக்கு இலவசப் பஸ் பயணம் என்று கர்நாடக அரசு 2023 ஜூனில் தொடங்கிய சக்தி திட்டம் அது. அந்தப் பணமும் ஏதோ ஒரு வரியிலிருந்துதானே வருகிறது? வரியே கூடாது என்று பேசினால் என்னால் ஒத்துக்கொள்ள முடியாது.

அல்சூர்வாசி:

தங்கச்சி சொல்வது நியாயம். வரியே வேண்டாம் என்று நானும் சொல்லவில்லை. அம்மாவின் பஸ் டிக்கெட்டுக்குப் போகிறது என்றால் மனதாரத் தருவேன். ஆனால் 2020 மே மாதத்தை நினைத்துப் பாருங்கள். கச்சா எண்ணெய் அடிமாட்டு விலைக்கு இறங்கிக் கிடந்தது. ஊரடங்கில் நாமெல்லாம் வருமானமில்லாமல் உட்கார்ந்திருந்தோம். விலை குறைய வேண்டிய நேரத்தில் மத்திய அரசு பெட்ரோலுக்கு 10 ரூபாயும் டீசலுக்கு 13 ரூபாயும் வரியைக் கூட்டியது. பங்க் விலை அன்றைக்கு ஏறவில்லை, அதனால் நமக்குத் தெரியவே இல்லை. செஸ், கூடுதல் தீர்வை என்று பெயர் வைத்து வாங்குவதில் மாநிலங்களுக்குப் பங்கும் கிடையாது. இதெல்லாம் பில்லில் இருந்திருந்தால் அன்றைக்கே கேட்டிருப்போம்.

வரியைப் பிரித்துக் காட்டும் பில் வேண்டும் என்று மத்திய, மாநில அரசுகள் இரண்டுக்கும் மனு எழுதிக்கொண்டிருக்கிறேன். லாரிக்காரர் அண்ணன் டீசல் கணக்கைத் தந்தால் சேர்த்துக்கொள்வேன். எனக்குக் கன்னடம் பேச வரும், எழுத வராது. கன்னடத்தில் எழுதித் தர யாராவது முன்வாருங்கள்.